இருநூற்றொரு மீட்டர்

கோவாவில் செய்த வண்டி. கூரை கிடையாது.
ஃபைபர் உடம்பு,
தட்டினால் பிளாஸ்டிக் குடத்தின் சத்தம்.
"ஸ்போர்ட்ஸ் காரா?" என்று வாய் பிளப்பார்கள்.
ஐந்து ரோடு சிக்னலில் பச்சை விழுந்ததும்
பக்கத்து ஷேர் ஆட்டோ முந்திவிடும்.
அந்த அவமானத்தைத்தான் துவாரகநாத்
செவ்வாய்ப்பேட்டையில் என் ஷெட் வாசலில்
கொண்டுவந்து நிறுத்தினான்.

பழையதை இறக்க ஒரு சாயங்காலம் போதும்.
செயின் பிளாக்கில் மெல்ல ஆடிக்கொண்டு தொங்கியது.
அறுபது குதிரையாம்.
பாதி நொண்டி.

புதியது
(புதியது என்ன, இருபது வயசு)
ஏற்காடு பதினாலாம் வளைவில் பின்னால் சறுக்கி
சில்வர் ஓக்கில் முட்டி நின்ற ஹோண்டாவின் எஞ்சின்.
ஓட்டியவர் நடந்தே அடிவாரம் வந்தாராம்.
வண்டி டெம்போவில் வந்தது.
முதுகு ஒடிந்திருந்தது, நெஞ்சு தப்பியிருந்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது:
நான் தொட்ட எஞ்சின் எல்லாம் வலம் சுற்றும்,
இது இடம்.
கோயிலில் ஒருத்தன் மட்டும்
கூட்டத்துக்கு எதிரே அப்பிரதட்சிணம் வருகிற மாதிரி
எனக்குக் கூசியது.
"அதுக்கென்ன, அது கியர்பாக்ஸோட சேர்ந்துதானே சுத்துது"
என்றாள் யசோதரை, பல்லிடுக்கில் வயரைச் சீவியபடி.
நூற்றுப் பதினேழு வயர். அத்தனைக்கும் துணிநாடா கட்டி
பால்பாயிண்டில் பேர் எழுதியிருந்தாள்.

எட்டு மில்லித் தகட்டில் மவுண்ட் மூன்று.
வைத்தேன், நாலு மில்லி பிசகு. அறுத்தேன்.
வைத்தேன், பானெட் மூடவில்லை. அறுத்தேன்.
ஒரு பக்க ஆக்ஸில் குட்டை, மறுபக்கம் நெட்டை.
புகைக்குழாய்க்கு எவர்சில்வர்.
டம்ளரும் சாம்பார் வாளியும் செய்கிற ஊரில்
அதற்கா பஞ்சம்.

ஓட்டிப் பார்க்க ஆத்தூர் ரோட்டில்
பூட்டிய சேகோ ஃபேக்டரி.
ஜவ்வரிசி காயவைத்த சிமெண்ட் களம்,
முந்நூற்று எண்பது மீட்டர்:
ஓட இருநூற்றொன்று,
நிற்க மிச்சம்.
அதற்கப்புறம் சுவர்.

பழைய எஞ்சினில் எடுத்த நேரம் பதினொன்று புள்ளி ஒன்பது.
நோட்டில் இருக்கிறது.
புதியதில் முதல் ஓட்டம்
பன்னிரண்டு புள்ளி மூன்று.

யாரும் பேசவில்லை.
துவாரகநாத் ஹெல்மெட்டைக் கழற்றி
அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்றரை லட்சம் அதற்குள் எங்கோ விழுந்த மாதிரி.

யசோதரை குனிந்து களத்தை விரலால் தேய்த்தாள்,
மூக்கருகே கொண்டுபோனாள்.
"மாவு."
பத்து வருஷத்து மரவள்ளி மாவு,
சிமெண்டின் துளை துளையாய் உறைந்து கிடந்தது.
நூறு குதிரையும் முகப்பவுடரில் நின்று
காலை உதறியிருக்கின்றன.

அன்று ராத்திரி இரண்டு லோடு தண்ணீர்,
ஆறு தென்னந்துடைப்பம்.
காலையில் முன்டயரில் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினோம்.
ஸ்டெப்னி போனது, ஜாக்கி போனது, இடது சீட் போனது.
கடைசியாகத் துவாரகநாத் போனான்.
அவன் தொண்ணூற்றிரண்டு கிலோ,
யசோதரை நாற்பத்தெட்டு.
"விநாடியில ஆறில் ஒரு பங்கு உன் தொப்பைதான்"
என்று கணக்குக் காட்டினேன்.
வண்டிக்காரனே சாவியை நீட்டியதை
அன்றுதான் பார்த்தேன்.

ஐயாயிரத்தில் கிளட்சை விடுவாள் என்று நினைத்தேன்.
மூவாயிரத்தில் விட்டாள்,
தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற பக்குவத்தில்.
டயர் கத்தவில்லை.
கொஞ்சம் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது.
ஐயாயிரத்தைந்நூறு தாண்டியதும்
எவர்சில்வர் குரல் மாறியது.
களத்தோரம் படுத்திருந்த நாய்கள்
குரைக்க மறந்து எழுந்து நின்றன.

பத்து புள்ளி இரண்டு.

நோட்டில் எழுதும்போது கை ஆடி
இரண்டு ஏழு மாதிரி விழுந்தது.
அடித்துத் திருத்தினேன்.

சுவருக்குப் பதினோரு அடி முன்னால்
வண்டி சூடாக டிக் டிக்கென்று குளிர்ந்துகொண்டிருந்தது.
வாட்ச்மேன் சின்னப்பையன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு
ஒரு சுற்று வந்து பார்த்தார்,
அவரும் இடமாகத்தான் வந்தார்.

"இம்புட்டுச் செலவும்
இந்தச் செவுரு வரைக்கும் வர்றதுக்கா?"

"ஆமாங்க" என்றாள் யசோதரை.
"இன்னும் சீக்கிரமா வரணும்."